1812 போரில் யார்தான் ஜெயித்தார்கள்?

டொரண்டோவில் பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் 1812 போரில் கனடாதான் ஜெயித்தது என்கிறாள், நியூ ஜெர்சியில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மகன் இல்லை, அமெரிக்காதான் என்கிறான், தேடிப் பார்த்தால் ‘டிரா’ என்று வருகிறது, எதை நம்புவது, அந்தப் போரால் கடைசியில் என்னதான் மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் இரண்டு பேர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த கனடாவைப் பிடிக்க அமெரிக்கா படையெடுத்தது, முடியவில்லை, அதனால் கனடாக்காரர்கள் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். உலகத்திலேயே பெரிய கடற்படையை வைத்திருந்த பிரிட்டனோடு இரண்டரை வருடம் மோதி, பெரிதாக நிலம் எதையும் இழக்காமல் வெளியே வந்ததால் அமெரிக்கர்கள் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தை மட்டும் படித்தால், போருக்கு முன்பு எல்லை எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கிறது, ஆகவே டிரா. ஆனால் இந்த மூன்று பதிலிலும் ஒரு தரப்பையே காணோம். தங்கள் சொந்தக் காரணத்துக்காக, சொந்தத் தலைவர்களின் கீழ் அந்தப் போரில் இறங்கிய பூர்வகுடி மக்கள். தோற்றது அவர்கள்தான், அதுவும் மீண்டும் எழவே முடியாத தோல்வி. என்னைக் கேட்டால் இந்தப் போரின் மிகப் பெரிய விளைவு அதுதான், கொடி, கீதம், கடற்படைப் பெருமை எல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பாடப்புத்தகத்தில் வரும் அமெரிக்கச் சுதந்திரப் போர் வேறு. அது 1775-ல் தொடங்கி 1783-ல் முடிந்துவிட்டது. இது அதற்கு முப்பது வருடம் கழித்து, சுதந்திர நாடாகிவிட்ட அமெரிக்கா தானாகவே பிரிட்டன் மீது அறிவித்த போர். 1812 ஜூன் 18-ல் ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசன் கையெழுத்துப் போட்டார். கீழவையில் 79-க்கு 49, செனட்டில் 19-க்கு 13 என்று வாக்கு விழுந்தது. போருக்குப் போகும் ஒரு நாட்டில் எவ்வளவு பேர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்.

காரணம் என்ன? எல்லாப் புத்தகமும் முதலில் கடலைத்தான் காட்டும். பிரிட்டன் அப்போது நெப்போலியனோடு உயிர்ப்போராட்டத்தில் இருந்தது. அமெரிக்கா இரண்டு பக்கமும் வியாபாரம் செய்ய ஆசைப்பட்டது, இரண்டு பக்கமும் அதைத் தடுத்தன, ஆனால் தடுப்பதற்குக் கடலில் கப்பல் வைத்திருந்தது பிரிட்டன்தான். அதோடு மாலுமிகள் பிரச்சினை. பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சம்பளம் குறைவு, சாட்டையடி அதிகம், அதனால் மாலுமிகள் தப்பி ஓடி அமெரிக்க வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி, ‘இவன் எங்கள் ஆள்’ என்று பிடித்துக்கொண்டு போனது. பிரிட்டனில் பிறந்தவன் சாகும்வரை பிரிட்டிஷ் பிரஜைதான், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் செல்லாது என்பது அவர்கள் சட்டம். பேச்சும் தோற்றமும் ஒன்றாக இருந்ததால் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இப்படிப் பிடிபட்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல் என்று அமெரிக்க அரசு கணக்குக் காட்டியது. 1807-ல் வர்ஜீனியா கரைக்கு அருகே ‘லெப்பர்ட்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் ‘செசபீக்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு, மூன்று பேரைக் கொன்று, நான்கு மாலுமிகளை இழுத்துக்கொண்டு போனது. அந்த அவமானம் அமெரிக்கர்கள் மனதில் வருடக்கணக்கில் ஆறவில்லை.

சரி, இது உண்மையான காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பை இன்னொரு முறை பாருங்கள். கப்பல்களும் மாலுமிகளும் துறைமுகங்களும் இருந்த நியூ இங்கிலாந்து பகுதியில்தான் போருக்கு எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. கடலையே பார்க்காத கென்டக்கி, டென்னசி பக்கத்துக்காரர்கள் போர் வேண்டும் என்று துடித்தார்கள். கென்டக்கியின் ஹென்றி கிளே அப்போது கீழவையின் சபாநாயகர், அவரையும் அவர் கூட்டத்தையும் ‘போர்ப் பருந்துகள்’ என்றே அழைத்தார்கள். மேற்கே இருந்தவர்களுக்கு வேண்டியது நிலம். அதற்குக் குறுக்கே நின்றவர்கள் பூர்வகுடி மக்கள். அவர்களுக்குக் கனடாவிலிருந்து துப்பாக்கி கொடுத்துக்கொண்டிருந்தது பிரிட்டன். இதைப் பிடித்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

டெக்கும்சே என்ற பெயரை உங்கள் மகள் பள்ளியில் கேட்டிருப்பாள். ஷாவ்னி இனத்துத் தலைவர். 1809-ல் இந்தியானா பகுதியின் ஆளுநராக இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன், சில இனத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து, சுமார் 30 லட்சம் ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கினார். டெக்கும்சே அடுத்த வருடம் ஹாரிசனை நேரில் பார்த்து, இந்த விற்பனை செல்லாது என்றார். அவருடைய வாதம் மிகத் தெளிவானது: இந்த நிலம் எல்லா இனங்களுக்கும் பொது, ஓர் இனமோ இரண்டு தலைவர்களோ தங்கள் பங்கு என்று பிரித்து விற்க உரிமை இல்லை, விற்பதென்றால் எல்லோரும் சேர்ந்துதான் விற்க வேண்டும். ஒவ்வோர் இனமாகப் பிரித்து ஒவ்வொரு துண்டாக வாங்குவதுதான் அமெரிக்க அரசின் முறையாக இருந்தது, அதன் அடிமடியிலேயே கை வைத்தது இந்த வாதம். பெரிய ஏரிகளின் கரையிலிருந்து தெற்கே கிரீக் மக்களின் ஊர்கள் வரை அலைந்து, ஒரே கூட்டணியாகச் சேருங்கள் என்று அவர் பேசினார். அவர் அப்படித் தெற்கே போயிருந்த நேரத்தில், 1811 நவம்பரில், ஹாரிசன் படையோடு வந்து அவருடைய தம்பி டென்ஸ்குவடாவா இருந்த ஊருக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டார். டிப்பெக்கனூ ஆற்றங்கரையில் விடியற்காலையில் சண்டை நடந்தது, அப்புறம் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஆக, மாடிசன் போரை அறிவிப்பதற்கு ஏழு மாதம் முன்பே இவர்களுக்குப் போர் தொடங்கிவிட்டது.

அமெரிக்கா போரை அறிவித்த நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வியாபாரத்தைத் தடுத்த அந்த உத்தரவுகளை எடுத்துவிடுவதாக லண்டன் ஜூன் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டது. பிடிவாதமாக இருந்த பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலை மே மாதம் நாடாளுமன்றத்திலேயே ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான், புதிதாக வந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஜூன் 23-ல் உத்தரவு ரத்து, அதாவது போர் அறிவித்து ஐந்தே நாளில். ஆனால் கடல் தாண்டிச் செய்தி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் படைகள் கிளம்பிவிட்டன. செய்தி வந்த பிறகும் அமெரிக்கா போரை நிறுத்தவில்லை, மாலுமிகளைப் பிடிப்பது இன்னும் நிற்கவில்லையே என்றது.

அமெரிக்காவில் அப்போது 75 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், கனடாப் பகுதிகளில் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் பேர்தான். முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன், கியூபெக் வரைக்கும் பிடிப்பது வெறும் நடந்து போகிற வேலை என்று கடிதத்தில் எழுதினார். நடந்தது வேறு. டெட்ராய்ட் கோட்டையில் ஜெனரல் வில்லியம் ஹல் ஆள் பலத்தில் எதிரியைவிடப் பெரிய படையை வைத்துக்கொண்டு 1812 ஆகஸ்ட் 16-ல் சரணடைந்தார். எதிரே வந்தவர்கள் பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக்கும் டெக்கும்சேவும். ஹல்லுக்குப் பூர்வகுடிப் போராளிகள் என்றாலே நடுக்கம் என்பதைக் கைப்பற்றிய கடிதங்களிலிருந்து பிராக் தெரிந்துகொண்டார். சரணடையாவிட்டால் சண்டை தொடங்கிய பிறகு அவர்களை என்னால் கட்டுப்படுத்த முடியாது என்று எழுதி அனுப்பினார், ஊர்ப்படைக்காரர்களுக்கும் சிப்பாய்களின் சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டார். ஹல்லுக்குப் பிற்பாடு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, பழைய சுதந்திரப் போரில் நன்றாகச் சண்டையிட்டவர் என்பதற்காக மாடிசன் அதை நிறைவேற்றாமல் விட்டார். கனடா காப்பாற்றப்பட்ட கதை சொல்பவர்கள் பிராக்கின் பெயரைச் சொல்கிற அளவுக்கு டெக்கும்சேவின் பெயரையும் சொல்ல வேண்டும், அந்த முதல் வருடத்தில் பூர்வகுடிப் போராளிகள் இல்லாமல் இருந்தால் மேல் கனடா, அதாவது இன்றைய ஒண்டாரியோ பகுதி, நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. பிராக் அதே வருடம் அக்டோபரில் குவின்ஸ்டன் மேட்டில் குண்டடி பட்டு இறந்தார். அந்தச் சண்டையில் நியூயார்க் ஊர்ப்படையினர் பலர், எங்கள் மாநிலத்தைக் காக்கத்தான் வந்தோம், அடுத்த நாட்டுக்குள் வர மாட்டோம் என்று நயாகரா ஆற்றைக் கடக்க மறுத்து, அக்கரையில் தங்கள் ஆட்கள் தோற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடலில் அமெரிக்காவுக்குச் சில அபாரமான வெற்றிகள் கிடைத்தன. ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற கப்பல் ‘கெரியர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை உடைத்தது, 1812 டிசம்பர் கடைசியில் பிரேசில் கரைக்கு அப்பால் ‘ஜாவா’ என்ற கப்பலையும் முடித்தது. அந்த ‘ஜாவா’ இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். பம்பாயில் பதவியேற்கக் கிளம்பிய தாமஸ் ஹிஸ்லப் அதில் இருந்தார், அமெரிக்கர்களிடம் கைதியானார், பிறகு விடுவிக்கப்பட்டார், அதே ஹிஸ்லப்தான் கொஞ்ச வருடத்தில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்து மராட்டியர்களோடு மோதினார். இந்தக் கப்பல் சண்டைகள் மனத்தெம்பு கொடுத்தன, போரின் போக்கை மாற்றவில்லை. 1813-லிருந்து பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கரையை வரிசையாக அடைத்துவிட்டது, துறைமுகங்களில் கப்பல்கள் அசையாமல் நின்றன.

போக்கை மாற்றிய சண்டை ஏரியில் நடந்தது. 1813 செப்டம்பர் 10-ல் ஈரி ஏரியில் ஆலிவர் பெர்ரி என்ற 28 வயது அதிகாரி ஒரு பிரிட்டிஷ் கப்பல் தொகுதியை முழுவதுமாகப் பிடித்தார். ஏரி போனால் சாப்பாடும் வெடிமருந்தும் வராது, அதனால் பிரிட்டிஷ் தளபதி புரோக்டர் டெட்ராய்ட் பக்கத்தைக் கைவிட்டுப் பின்வாங்க முடிவு செய்தார். டெக்கும்சே அவரைப் பார்த்துப் பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது. வாலை முதுகின் மேல் தூக்கிக்கொண்டு திரிந்த கொழுத்த விலங்கு, பயம் வந்ததும் வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கிறது உங்கள் நடத்தை என்றார். நீங்கள் போவதானால் போங்கள், ஆயுதங்களை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அவருடைய ஆட்களுக்குப் பின்வாங்க வேறு நாடு இல்லையே. அக்டோபர் 5-ல் மேல் கனடாவில் ஓடும் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாரிசனின் படை எட்டிப் பிடித்தபோது பிரிட்டிஷ் சிப்பாய்கள் சில நிமிடங்களில் கலைந்துவிட்டார்கள், புரோக்டர் தப்பி ஓடினார், டெக்கும்சே தன் ஆட்களோடு நின்று சண்டையிட்டு இறந்தார். உடலை எங்கே புதைத்தார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அவரோடு அந்தக் கூட்டணியும் முடிந்தது.

தெற்கே இன்னொரு போர். கிரீக் மக்களுக்குள்ளேயே இரண்டு பிரிவு. அமெரிக்க வாழ்க்கை முறையோடு ஒத்துப்போகலாம் என்றவர்கள் ஒரு பக்கம், முடியாது என்று எழுந்த ‘சிவப்புக் கோல்’ பிரிவினர் இன்னொரு பக்கம். சிவப்புக் கோலினர் 1813 ஆகஸ்டில் மிம்ஸ் கோட்டையில் பெண்கள், குழந்தைகள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், அதை மறைக்கக் கூடாது. அதைக் காரணமாக வைத்து டென்னசியின் ஆண்ட்ரூ ஜாக்சன் படையோடு வந்தார். 1814 மார்ச் 27-ல் டல்லபூசா ஆறு குதிரை லாடம்போல் வளையும் இடத்தில், ஒரே நாளில் 800-க்கும் மேற்பட்ட சிவப்புக் கோல் போராளிகள் செத்தார்கள். ஜாக்சன் பக்கம் செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடி இனத்து வீரர்களும், நட்புப் பிரிவு கிரீக் வீரர்களும் சேர்ந்து போரிட்டார்கள். செரோக்கிகள் ஆற்றை நீந்திப் போய் எதிரிகளின் படகுகளை இழுத்துக்கொண்டு வந்து பின்பக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் அந்த வெற்றி அவ்வளவு முழுமையாக அமைந்தது.

அதற்குப் பலன் என்ன தெரியுமா? ஆகஸ்டில் ஜாக்சன் போட்ட ஒப்பந்தத்தில் கிரீக் மக்களின் நிலத்தில் பாதிக்கும் மேல், 2 கோடியே 30 லட்சம் ஏக்கர் பறிபோனது. எதிர்த்த பிரிவின் நிலம் மட்டும் போயிருந்தால்கூட ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்லலாம். ஜாக்சனோடு தோளோடு தோள் நின்ற கிரீக்குகளின் நிலமும் அதே ஒப்பந்தத்தில் போனது, கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் அவருடைய நண்பர்களாக இருந்தவர்களே. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த 1814 ஆகஸ்ட் மாதத்தில்தான் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியது, எல்லோருக்கும் தெரிந்த கதை அது. ஐரோப்பாவில் நெப்போலியன் ஏப்ரலிலேயே பதவி இழந்துவிட்டதால் பிரிட்டனுக்கு அனுபவசாலிப் படைகள் கைவசம் இருந்தன. 24-ம் தேதி பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்க ஊர்ப்படை சிதறி ஓடியது, அன்று இரவே ஜனாதிபதி மாளிகை, நாடாளுமன்றம், அதற்குள் இருந்த நூலகம் எல்லாம் எரிந்தன. மாடிசன் வீட்டில் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் தீ வைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் படத்தை மாடிசனின் மனைவி டாலி காப்பாற்றினார் என்பார்கள். அந்த வீட்டில் அடிமையாக இருந்த பால் ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் எழுதியது வேறு: படத்தைக் கழற்றி எடுத்துப் போனவர்கள் வேலைக்காரர்கள்தான், சுவரில் இருந்து இறக்கவே ஏணி வேண்டியிருந்தது, அம்மா வெள்ளிச் சாமான்களோடு கிளம்பிவிட்டார் என்றார். நான் ஜென்னிங்ஸ் பக்கம்தான், அவர் அங்கே இருந்தவர். தீக்கறையை மறைக்க வெள்ளை அடித்ததால்தான் ‘வெள்ளை மாளிகை’ என்று பெயர் வந்தது என்பது கட்டுக்கதை, அந்தப் பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இன்னொன்று, உங்கள் மகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும், முதலில் தலைநகரைக் கொளுத்தியது அமெரிக்கர்கள். 1813 ஏப்ரலில் மேல் கனடாவின் தலைநகரான யார்க்கைப் பிடித்து அங்கிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தை எரித்தார்கள். அந்த யார்க்தான் இன்றைய டொரண்டோ. அங்கிருந்து எடுத்துப் போன நாடாளுமன்றச் செங்கோலை 1934-ல்தான் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திருப்பிக் கொடுத்தார்.

வாஷிங்டனுக்குப் பிறகு பால்டிமோர். மெக்ஹென்றி கோட்டையை 25 மணி நேரம் குண்டுவீசியும் விழவில்லை, அதைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டுதான் 1931-ல் அமெரிக்கத் தேசிய கீதமானது. அதில் ராக்கெட்டுகளின் சிவப்பு வெளிச்சம் என்று வருகிறதே, அது காங்கிரீவ் ராக்கெட். திப்பு சுல்தானின் மைசூர்ப் படை பிரிட்டிஷாரை விரட்டப் பயன்படுத்திய இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு இங்கிலாந்துக்கு எடுத்துப் போய், அதைப் பார்த்து வளர்த்தெடுத்தது.

பேச்சுவார்த்தை அதே ஆகஸ்டில் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் தொடங்கியது. பிரிட்டன் வைத்த முதல் கோரிக்கை என்ன தெரியுமா? ஒஹையோவுக்கு மேற்கே பூர்வகுடி மக்களுக்கென்று தனி நிலப்பரப்பு, இரண்டு நாடும் அதை விலைக்கு வாங்கக் கூடாது. டெக்கும்சே உயிரைக் கொடுத்தது கிட்டத்தட்ட இதற்காகத்தான். அமெரிக்கத் தூதர்கள் ஒரே வார்த்தையில் மறுத்தார்கள். செப்டம்பரில் சாம்ப்ளெய்ன் ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் தோற்று, கனடாவிலிருந்து இறங்கி வந்த பெரும்படை திரும்பிப் போனது. லண்டன், நெப்போலியன் படைகளோடு மோதி ஜெயித்த தளபதி வெலிங்டனிடம் அமெரிக்காவுக்குத் தளபதியாகப் போகிறீர்களா என்று கேட்டது. ஏரிகள் நம் கையில் இல்லாமல் நான் போய் ஒன்றும் ஆகாது, இன்றைய நிலையில் நிலம் கேட்க நமக்கு உரிமையும் இல்லை என்று அவர் பதில் எழுதினார். இருபது வருடப் போரால் களைத்து, வரி கட்டிக் கட்டி அலுத்துப்போன பிரிட்டன் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டது. முதலில் போட்டது பூர்வகுடி மக்களின் நிலத்தைத்தான். 1814 டிசம்பர் 24-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவில், 1811-ல் அவர்களுக்கு இருந்த உடைமைகளும் உரிமைகளும் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. கிரீக் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது ஜாக்சன் மறுத்துவிட்டார், பிரிட்டனும் அதற்காக இன்னொரு சண்டைக்குத் தயாராக இல்லை. மாலுமிகளைப் பிடித்தது பற்றி, அதாவது போருக்குச் சொன்ன முதல் காரணத்தைப் பற்றி, ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. நெப்போலியனோடு போர் முடிந்ததும் மாலுமிகள் தேவைப்படவில்லை, அந்தப் பழக்கம் தானாக நின்றது.

நியூ ஆர்லியன்ஸ் சண்டை ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1815 ஜனவரி 8-ல் நடந்தது, செய்தி இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தது. மண் மதிலுக்குப் பின்னால் ஜாக்சனின் ஆட்கள், திறந்த வெளியில் நடந்து வந்த பிரிட்டிஷ் வரிசைகள். பிரிட்டிஷ் பக்கம் செத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 பேர், தளபதி பேக்கன்ஹாமும் செத்தார். ஜாக்சன் பக்கம் அன்று முக்கியச் சண்டையில் இறந்தவர்கள் பதின்மூன்று பேர். அவருடைய படையில் சுதந்திரமான கறுப்பினத்தவர்கள், சோக்டா வீரர்கள், கடல் கொள்ளைக்காரன் ஜான் லஃபீட்டின் ஆட்கள்கூட இருந்தார்கள். இந்த வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் சில நாள் இடைவெளியில் வாஷிங்டனுக்கு வந்ததால், நியூ ஆர்லியன்ஸில் அடித்ததால்தான் பிரிட்டன் பணிந்தது என்று மக்கள் நம்பினார்கள். பெரியப்பா மகன் சொல்லும் ‘அமெரிக்கா ஜெயித்தது’ என்பதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இனி விளைவுகளுக்கு வருகிறேன். அமெரிக்க அரசியலில், போரை எதிர்த்த பெடரலிஸ்ட் கட்சி முடிந்தது. அவர்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடி அரசியலமைப்பைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டு, அதை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனபோது ஊரே வெற்றிக் கொண்டாட்டத்தில் இருந்தது. தேசத்துரோகிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, கட்சி மறுபடி எழவில்லை. போர்க்களத்தில் பெயர் வாங்கிய ஜாக்சனும் ஹாரிசனும் பின்னாளில் ஜனாதிபதிகள் ஆனார்கள். டெக்கும்சேவைக் கொன்றது இவர்தான் என்று பிரச்சாரம் செய்யப்பட்ட ரிச்சர்ட் ஜான்சன் துணை ஜனாதிபதி ஆனார். பூர்வகுடி மக்களோடு சண்டையிட்டது தேர்தலில் காட்டும் தகுதிச் சான்றிதழ் ஆகிவிட்டது.

பொருளாதாரத்தில், கடன் 4.5 கோடி டாலரிலிருந்து 12.7 கோடி டாலராக ஏறியது, தேசிய வங்கி வேண்டாம் என்றிருந்தவர்களே 1816-ல் இரண்டாவது தேசிய வங்கியைத் தொடங்கினார்கள். கடல் அடைபட்டிருந்த காலத்தில் வெளிநாட்டுத் துணி வராததால் உள்ளூர் ஆலைகள் முளைத்தன, பாஸ்டன் பக்கத்தில் வால்தமில் பிரான்சிஸ் கேபட் லோவெல் பஞ்சு நுழைந்து துணியாக வெளியே வரும் ஆலையை அமைத்தார். போர் முடிந்ததும் அந்த ஆலைகளைக் காப்பாற்ற 1816-ல் ஒரு வரிச்சட்டம். அதில் லோவெல் முயன்று சேர்க்க வைத்த விதி இது: எவ்வளவு மலிவான பருத்தித் துணியாக இருந்தாலும் கஜத்துக்கு 25 சென்ட் விலை என்று வைத்துக்கொண்டுதான் வரி போடப்படும். அந்த விலைக்கு எத்தனையோ கீழே விற்றுக்கொண்டிருந்தது கல்கத்தாவிலிருந்து போன இந்திய முரட்டுத் துணி. அமெரிக்கச் சந்தையில் அதற்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது. நம் நெசவாளர்களின் வீழ்ச்சியைப் பேசும்போது இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளைச் சொல்கிறோம், இந்தச் சின்ன விதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனடாவுக்கு இது அடையாளம் கொடுத்த போர். மேல் கனடாவில் அப்போது இருந்த குடியேறிகளில் பெரும்பகுதி கொஞ்ச வருடம் முன்பு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான், போர் வந்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று பிராக்குக்கே சந்தேகம் இருந்தது. வீடும் ஊரும் எரிந்த பிறகு அவர்கள் அமெரிக்கர்களாக விரும்பவில்லை. 1817-ல் ஏரிகளில் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன, 1818-ல் மேற்கே 49-வது அட்சரேகை எல்லையானது, அதற்குப் பிறகு அமெரிக்காவும் பிரிட்டனும் போருக்குப் போகவே இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கு மட்டும் இந்தப் போர் நிஜமாகவே விடுதலை. 1814 ஏப்ரலில் பிரிட்டிஷ் தளபதி காக்ரேன், எங்கள் கப்பலுக்கு வருகிறவர்கள் படையில் சேரலாம், அல்லது பிரிட்டிஷ் காலனிகளில் சுதந்திரமாகக் குடியேறலாம் என்று அறிவித்தார். ‘அடிமை’ என்ற சொல் அதில் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வர்ஜீனியா, மேரிலாந்து தோட்டங்களிலிருந்து இரவில் படகு எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு, சுமார் 4,000 பேர் தப்பினார்கள். சிலர் செஞ்சட்டை போட்டுக்கொண்டு பிளேடன்ஸ்பர்க்கில் தங்கள் பழைய எஜமானர்களின் ஊர்ப்படைக்கு எதிராக நின்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள், அங்கே கிடைத்தது கல்லும் பனியுமான நிலம். படையில் இருந்தவர்களில் பலர் டிரினிடாட்டில் குடியேறினார்கள், அவர்கள் சந்ததியை இன்றும் ‘மெரிக்கின்’ என்கிறார்கள், ஊர்களுக்குப் பழைய படைப்பிரிவின் எண்ணே பெயர். தப்பிப் போன இவர்களுக்கு ஈடு கேட்டு அமெரிக்கா பல வருடம் விடாமல் வழக்காடியது, ரஷ்யச் சக்கரவர்த்தி நடுவராக இருந்து அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார், 1826-ல் பிரிட்டன் 12,04,960 டாலர் கொடுத்தது. பணம் போனது எஜமானர்களுக்கு. பூர்வகுடி மக்களுக்கான ஒன்பதாம் பிரிவுக்காக இப்படி வழக்காட யாரும் இல்லை.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. இந்தியானா 1816, மிசிசிபி 1817, இலினாய் 1818, அலபாமா 1819, வருடத்துக்கு ஒன்றாக மாநிலங்கள். கிரீக் நிலத்தில் பருத்தித் தோட்டங்கள் வந்தன, அதில் வேலை செய்ய வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் அடிமைகளைச் சங்கிலி போட்டு நடத்திக்கொண்டு வந்தார்கள். கப்பலுக்குத் தப்பிப் போக முடியாதவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தச் சங்கிலியில் இருந்தார்கள். முன்பெல்லாம் பூர்வகுடி மக்களுக்குப் பிரிட்டனையோ ஸ்பெயினையோ காட்டி அமெரிக்காவோடு பேரம் பேச ஒரு வழி இருந்தது. 1815-க்குப் பிறகு பிரிட்டன் விலகிவிட்டது, 1819-ல் ஸ்பெயினும் புளோரிடாவை விட்டுக் கொடுத்தது. பேரம் பேச யாருமில்லாத மக்களிடம் 1830-ல் ஜனாதிபதி ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம் வந்தது. 1838-ல் செரோக்கி மக்களை வீட்டிலிருந்து இழுத்து மிசிசிபி ஆற்றுக்கு அப்பால் ஓட்டினார்கள், சுமார் 4,000 பேர் அதில் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஜாக்சனுக்காக டல்லபூசா ஆற்றை நீந்தியவர்களில் உயிரோடு இருந்தவர்களும் அந்தப் பயணத்தில் நடந்தார்கள்.

அதனால் மகளிடம், கனடா பிழைத்தது, அமெரிக்கா தப்பித்தது, இரண்டும் சரி என்று சொல்லுங்கள். டொரண்டோவிலேயே இருப்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்க் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். 1813-ல் பின்வாங்கும்போது பிரிட்டிஷார் வெடிமருந்துக் கிடங்கை வெடிக்க வைத்து அமெரிக்கத் தளபதி பைக்கைக் கொன்ற இடம் அது. அன்று காலையில் கரையிறங்கிய அமெரிக்கர்களை முதலில் எதிர்கொண்டவர்கள் யார் என்று அங்கிருக்கும் வழிகாட்டியிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். பூர்வகுடிப் போராளிகள்தான்.